கைமிஷினும் புதுநன்மையும்

என் எட்டாவது வயதில் நான் என் அம்மாவின் மானத்தை வாங்கினேன். ஒளிந்து மறைந்து அல்ல. சொந்தபந்தமெல்லாம் வீடு நிறைய நிற்க, வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூக்கிரீடம் வைத்து, முழங்காலில் நின்று கைகூப்பிப் பக்தியோடு வாங்கினேன். இன்றைக்கும் யார் வீட்டுப் பிள்ளையாவது முதல் நற்கருணைக்குப் போகும் புதுநன்மை உடுப்பில் எதிரே வந்தால் எனக்கு முகம் சுருங்கிவிடும். கன்னத்தைத் தொட்டு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டிய நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கிழவிக்குப் பொறாமை என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், உண்மையைச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நாங்கள் தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெருவில் இருந்தோம். அப்பா தோணியில் சுக்கான் பிடிப்பவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய பாய்மரத் தோணி. போனால் திரும்புவது காற்று விடும் வழியைப் பொறுத்தது. வாடைக்காற்று மாதங்களில் கடல்மேல் இரவு ஈரம் எலும்புக்குள் இறங்கும் என்பார். அதனால் எங்கள் தெருவில் தோணிக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் துப்பட்டி தைப்பார்கள்.

துப்பட்டி என்றால் கடையில் விற்கிற போர்வை அல்ல. அடியில் கிழிந்துபோன பாய்த்துணி, நடுவில் உடுத்து நைந்த சேலைகள் மூன்று நான்கு அடுக்கு, மேலே கிடைத்த ஒட்டுத்துணிகளைச் சேர்த்து ஒரு முகம். இத்தனையையும் ஒன்றாகப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகத் தைக்கவேண்டும். ஓரிடத்தில் தையல் விட்டுப்போனால் போதும், உள்ளே இருக்கும் சேலையெல்லாம் சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். அப்புறம் அது துப்பட்டி இல்லை, அழுக்கு மூட்டை.

இதைத் தைக்க அம்மாவிடம் ஒரு கைமிஷின் இருந்தது. அவளுடைய அப்பா கொழும்பில் வாங்கிக் கல்யாணச் சீரோடு அனுப்பியது. கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூ வரைந்திருந்ததாம். நான் பார்க்கும்போது பூவெல்லாம் தேய்ந்து காம்புதான் மிச்சம். தரையில் வைத்து, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைக்கவேண்டும். வலது கை கைப்பிடியைச் சுற்றும், இடது கை துணியை நகர்த்தும். ரவிக்கைக்கு அது சரி. துப்பட்டியின் கனம் ஒற்றைக் கைக்கு அடங்காது, இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் கைப்பிடி சுற்ற இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கும் முன்னே அம்மா கூப்பிடுவாள். "சுத்து." சுற்றுவேன். "நிறுத்து." நிறுத்துவேன். "பைய, பைய. அங்கன கனமா இருக்கு. ஒரு சுத்து. இன்னும் அரைச் சுத்து. போதும்ளா, போதும்னா கேக்க மாட்டியா!" என்று மண்டையில் ஒரு குட்டு விழும். தெருவில் மற்றப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கி விளையாடுகிற சத்தம் ஜன்னல் வழியே வரும். எதிர்வீட்டுக்காரி கால்மிஷின் வைத்திருந்தாள். அவள் மகள் வாசலில் நின்று, என்னைப் பார்த்துக் காற்றில் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். எனக்குச் சாகலாம்போல் இருக்கும்.

அந்த நாளில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள், கைமிஷின் கட்சி, கால்மிஷின் கட்சி என்று. தண்ணீர் எடுக்கப் போகிற கிணற்றடியில் இந்த வழக்கு தினமும் நடக்கும்.

"காலு பாட்டுக்கு மிதிக்கும், ரெண்டு கையும் துணியில கெடக்கும். புள்ளையளப் புடிச்சு உக்கார வைக்கவேண்டாம். நீங்க ஒண்ணு தைக்கிற நேரத்துல நான் ரெண்டு தைச்சுருவேன்" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

"தைச்சு எங்கன கொண்டு போய்க் கொட்டப்போற? கனத்த இடம் வந்தா ஒத்தத் தையலா பாத்துப் பாத்துப் போகணும். காலுக்குக் கண்ணு இருக்கா?" என்று ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்பாள்.

தரையில் தைத்தால் துப்பட்டி தரையிலேயே பரந்து கிடக்கும், மேசையிலிருந்து தொங்கினால் அதன் கனமே ஊசியை இழுத்து ஒடிக்கும் என்று கைமிஷின் கட்சியில் ஒரு பெரிய நியாயம் உண்டு. கால்மிஷின் மிதித்தால் வயிற்றில் பிள்ளை தங்காது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களும் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்ததால் அந்த நியாயம் மட்டும் எடுபடவில்லை. அம்மா எந்தக் கட்சியிலும் வாய் திறக்க மாட்டாள். நான் கால்மிஷின் கட்சி. உயிரைக் கொடுக்கும் கட்சிக்காரி.

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தாள், என் அத்தை. அவள் புருஷன்தான் அப்பா போகிற தோணிக்குத் தண்டல், அதாவது தலைவர். அத்தைக்கு நாக்கு நீளம். எங்கள் வீட்டில் நாலு பேர் கண்ணில் படும்படியான சாமான் எது இருந்தாலும் அது அம்மாவின் சீராக வந்ததுதான். கட்டில், கண்ணாடி வைத்த அலமாரி, மிஷின் எல்லாம் அப்படி. அத்தை வந்து கட்டிலில் உட்காருவாள், சுற்றிலும் பார்ப்பாள், "எந்தம்பி வீட்டுக்கு வந்தா அவன் மாமனார் வீட்டுக்கு வந்த மாதிரியேல்லா இருக்கு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்பாவும் சிரிப்பார். அம்மா மட்டும் உள்ளே போய் எதையாவது எடுத்து வைப்பாள்.

உலகச் சண்டை முடிந்து, கொழும்பில் சாமான்கள் மறுபடி வர ஆரம்பித்திருந்த நேரம். ஒருநாள் அப்பாவிடம் நான் அழுது தீர்த்தேன். கை வலிக்கிறது, எதிர்வீட்டுப் பிள்ளை கேலி செய்கிறாள், எனக்கு மட்டும் விளையாட்டே கிடையாது என்று. அப்பா என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். அடுத்த தடவை தோணி வந்தபோது துறையிலிருந்து இரண்டு பேர் தலையில் சுமந்து ஒரு கால்மிஷினை எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். அப்பா முன்னால் நடந்து வந்தார். அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தெருவே கூடிவிட்டது. பளபளவென்று மரமேசை, கீழே இரும்பில் கொடிவேலை செய்த கால், சுற்றுவதற்குத் தோல்வார். அத்தை வந்து மேசையை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்பாடா, எந்தம்பியும் ஒரு சாமான் வாங்கிப் போட்டுட்டான்" என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. அப்பா அன்று முழுவதும் வாசலிலேயே நின்றார். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "வாங்க, வந்து பாருங்க" என்றார்.

இனிப் பழசு எதற்கு என்று, அடுத்த தெருவில் கருப்பட்டிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு அந்தக் கைமிஷினைக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி நெடுநாளாகத் தம் வீட்டம்மாவுக்கு ஒரு மிஷின் கேட்டுக்கொண்டிருந்தார். கடைப்பையன் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். "மேல மூடியிருக்கு பாரு, அதையும் எடுத்துட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். நான் தெருவில் இறங்கிக் குதித்தேன்.

கால்மிஷினில் அம்மா முதலில் எனக்கு ஒரு பாவாடை தைத்தாள். அருமையாகத் தைத்தது. தையல் எறும்பு வரிசைபோல் ஓடியது. அப்பா அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தோணி ஏறினார். போகும்போது, "இந்த வாடைக்கு எனக்கும் மத்தவங்களுக்கும் துப்பட்டி இதுலயே தைச்சுருளா. என் மிஷினுல தைச்சதுன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதில்தான் வந்தது வினை. அந்த மிஷின் மெல்லிய துணிக்கென்று பிறந்த மிஷின். துப்பட்டியை உள்ளே கொடுத்ததும் முக்கியது. துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக்கால் அவ்வளவு உயரம் எழும்பாது. நாலு மடிப்பு சேருகிற இடத்தில் ஊசி இறங்காமல் வளைந்து டப்பென்று ஒடிந்தது. அம்மா சக்கரத்தைக் கையால் தள்ளித் தைத்துப் பார்த்தாள். துப்பட்டி மேசையிலிருந்து தரைக்குத் தொங்கிப் பின்னுக்கு இழுத்தது, தையல் ஒன்று விழுந்தால் இரண்டு விட்டுப்போனது. ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு அதன்மேல் கனத்தைத் தாங்க வைத்தாள். என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். மிதிக்கிற கால் கொஞ்சம் தயங்கினால் சக்கரம் பின்னோக்கி ஓடி நூல் கீழே கொத்தாகச் சிக்கிக்கொண்டது. கைமிஷின் கட்சி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒடிந்த ஊசிகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

"யப்பாகிட்ட சொல்லிருவோம்மா" என்றேன்.

"மூச்சு விடப்படாது" என்றாள். "அவுக ஆசையா வாங்கிட்டு வந்திருக்காக. தெருவே பாத்திருக்கு. உங்க அத்தைக்கு இது தெரிஞ்சா அவுகள உயிரோட தின்னுருவா. நீ வாயத் திறந்த, அப்புறம் நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

மறுநாள் மத்தியானம், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு விட்டு நான் வந்திருந்தபோது, ஆண்கள் யாரும் தெருவில் இல்லாத நேரம், அம்மா துப்பட்டித் துணியை ஓலைப்பெட்டியில் வைத்து மேலே ஒரு துவாலையைப் போட்டு மூடினாள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கருப்பட்டிக்கடைப் பின்வாசல் வழியாக அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள்.

அண்ணாச்சி வீட்டம்மா நல்ல மனுஷி. பெரிய குங்குமப்பொட்டும் பெரிய சிரிப்புமாக இருப்பாள். "வாங்கக்கா வாங்க. ஒங்க மிஷினு எங்கிட்ட வந்த நாள்லருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு. நூலக் கோத்தா அறுக்குது, சுத்துனா கத்துது. ஒங்க கை பட்டாத்தான் அதுக்குப் புத்தி வரும்" என்று பழைய மிஷினைக் கொல்லைப்பக்கத்து நடையில் எடுத்து வைத்தாள். அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் விட்டாள், உள்ளே தோணி மாதிரி இருக்கும் நூல்கட்டையைத் துடைத்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சுத்து" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் கைப்பிடியிலிருந்து தப்பிக்க அழுது மிஷின் வாங்க வைத்தேனோ, அதே கைப்பிடி. நம் வீட்டிலாவது நம் வீட்டுத் தரை. இங்கே கருப்பட்டி வாசனைக்கு மொய்க்கிற ஈக்களுக்கு நடுவில், யார் வீட்டு நடையிலோ உட்கார்ந்து சுற்றவேண்டியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் என்னைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பார்த்தும்விட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், "உங்க அம்மா அண்ணாச்சி வீட்டுல வேலைக்கு நிக்கிறாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே ஏன் என்றாள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடிவந்தேன்.

மிஷினைப் பயன்படுத்துவதற்குப் பதிலாக அம்மா அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள், கடைக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்தாள். அதற்கும் நான்தான் சுற்றினேன். "யார்கிட்டயும் சொல்லிராத தங்கச்சி" என்று ஒவ்வொரு தடவையும் புறப்படும்போது அம்மா சொல்வாள். "நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்? எங்க வீட்டு மனுசங்கிட்டக்கூட நீங்க எனக்குத் தையல் படிச்சுத்தர வாறீங்கன்னுதான் சொல்லியிருக்கேன்" என்பாள் அவள். ஆக அந்த வீட்டிலும் ஒரு பொய் குடியேறியிருந்தது. நான் எல்லாவற்றையும் மனத்துக்குள் குறித்துக்கொண்டு வந்தேன். அம்மாவைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய மனுஷி இப்படிப் பின்வாசல் வழியாகப் பம்மிப் பம்மிப் போகிறாளே, எதிர்வீட்டுக்காரியைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கக்கூடாதா என்று அவள்மேல் கோபமாகவும் இருந்தது.

துப்பட்டிகள் முடிந்தன. அப்பா வந்து பார்த்தார். கட்டங்களின்மேல் கையை ஓட்டினார், மூலையை மடக்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். அம்மா, "மிஷினு நல்ல மிஷினு" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். வீடு நின்ற இடத்தில் அப்படியே நின்றது, இடி ஒன்றும் விழவில்லை.

அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் நாள். சாயங்காலம்தோறும் கோயிலில் உபதேசம். வேதபாடம் சொல்லித்தரும் எங்கள் உபதேசியார் பாவங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் உட்கார்ந்திருக்கிற பாயே சுடும். பொய், களவு, கீழ்ப்படியாமை என்று அடுக்கிக்கொண்டு போவார். நான் நல்ல மாணவி. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். அதற்கு முந்தின சனிக்கிழமை, என் முதல் பாவசங்கீர்த்தனத்தில் சர்க்கரை திருடியதையும் மயிர் பிடித்து இழுத்ததையும் சாமியாரிடம் சொல்லித் தீர்த்தேன். மிஷின் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது அம்மாவின் பாவமா என் பாவமா என்று எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் குடைச்சல் தாங்காமல் உபதேசியாரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒருத்தரு பொய் சொல்லுதாரு. கூட இருக்கவ அதுக்கு ஒத்தாசை பண்ணுதா. அவளுக்குப் பாவம் உண்டா?"

"உண்டாவா? பாதிப் பாவம் அவ கணக்குல" என்றார் உபதேசியார். "யாருகிட்ட பொய் சொன்னாகளோ அவருகிட்டயே மன்னிப்புக் கேட்டாத்தான் அது கழியும். பாவத்தோட நன்மை வாங்குனா அது தேவதுரோகம். தெரியும்லா?"

தெரியும். தேவதுரோகம் செய்கிறவனின் நாக்கு கறுத்துப்போகும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சும் இருந்தது. அன்று முழுவதும் அடிக்கடி அலமாரிக் கண்ணாடியின் முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

எங்களில் ஒரு வழக்கம். புதுநன்மைக்குக் கோயிலுக்குப் புறப்படும் முன்னே பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் நின்று, தாய் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். ஞாயிறு காலையில் வீடு நிறைந்திருந்தது. அத்தை, தண்டல் மாமா, எதிர்வீட்டுக்காரி, தெருவில் பாதிப்பேர். நான் கால்மிஷினில் தைத்த வெள்ளைக் கவுனில், கையில் மெழுகுதிரியோடு நின்றேன். நன்மை வாங்கும்வரை எதுவும் சாப்பிடக்கூடாது என்பதால் வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து, அங்கே மடித்து வைத்திருந்த புதுத் துப்பட்டியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தன் கைமிஷினைக் கொடுத்துவிட்டுக் கால்மிஷின் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். "கால்மிஷினு துப்பட்டி தைக்காது தைக்காதுன்னு இந்தக் கிணத்தடிக்காரிய சொன்னாளுவளே, இதப் பாருங்களா! எம்புட்டுக் கனம்! ஒரு தையலு தப்பியிருக்கா? எந்தம்பி பாத்து வாங்கின மிஷினாக்கும்!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தம்பியை அவள் வாயாரப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேரமாச்சு, புள்ளைய மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க" என்றார் தண்டல் மாமா.

நான் முழங்காலில் நின்றேன். படித்துக்கொடுத்தபடி, "அப்பா, அம்மா, நான் அறிஞ்சும் அறியாமலும் உங்களுக்குச் செய்த குற்றங்களையெல்லாம் சேசுநாதர் முகத்தைப் பார்த்து மன்னிச்சு என்னை ஆசீர்வதியுங்க" என்றேன். அதோடு எழுந்திருக்கலாம். மற்றப் பிள்ளைகளெல்லாம் அதோடுதான் எழுந்திருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"அம்மா உங்ககிட்ட பொய் சொன்னதுக்கும் மன்னிச்சுக்கிடுங்க" என்றேன் அப்பாவைப் பார்த்து. குரல் கணீரென்று வந்தது. "துப்பட்டி உங்க மிஷினுல தைக்கல. அதுல ஊசி ஊசியா ஒடிஞ்சுது. அம்மா அண்ணாச்சி வீட்டுக்கு மத்தியானம் மத்தியானம் பின்வாசல் வழியாப் போயி, பழைய மிஷினுல தைச்சாங்க. நான்தான் கை சுத்துனேன். அந்தப் பாதிப் பாவத்தையும் மன்னிச்சு ஆசீர்வதியுங்க."

கையில் இருந்த மெழுகுதிரி உருகி விரலில் விழுந்தது. நான் அசையவில்லை. எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை விரித்த துப்பட்டியை மடியிலிருந்து மெதுவாகக் கீழே வைத்தாள். "அப்படிப் போகுதா சங்கதி?" என்றாள். "புருசன் கடல்ல கெடக்கும்போது அடுத்த வீட்டு நடையில போயி உக்காருதாளாக்கும்? எதுக்குளா? எந்தம்பி வாங்கிப் போட்ட சாமான் உனக்கு ஆவலியோ?"

அம்மா முகத்தைப் பார்த்தேன். அதைப்போல ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை. நிற்க ஓர் இடம் தேடுகிறவளைப்போல் சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

அப்பா சிரித்தார்.

"அட கழுத, இதுக்கா மன்னிப்பு?" என்று என் தலையில் கையை வைத்தார். "நாந்தானளா போகச் சொன்னேன்!" பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார். "புது மிஷினுல கனத்தத் துணியப் போட்டா கெட்டுப் போவும்லா. கவுனு, ரவிக்கை இதுல. துப்பட்டி பழசுல. அண்ணாச்சிக்குக் கொடுக்கும்போதே பேசித்தான் கொடுத்தேன், நம்ம வீட்டுல துப்பட்டி தைக்க வருவாகன்னு. இவ மாட்டேன்னா. அடுத்த வீட்டுல போயி எப்படி உக்காரன்னு அழுதா. நாந்தான் வம்பு பண்ணி அனுப்புனேன். கொள்ளாமலா இருக்கு துப்பட்டி? இப்பத்தான நீயே சொன்ன."

"எனக்கென்ன தெரியும், சொன்னாத்தான தெரியும்" என்று அத்தை முனகினாள். "அப்ப நான் கைமிஷினக் கொடுக்கக்கூடாதோ?"

"கொடுத்துராத. ரெண்டும் கெடக்கட்டும்" என்றார் அப்பா. குனிந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். பெருவிரல் சில்லென்று இருந்தது. அம்மாவைப் பார்த்து, "நீயும் போடு, நேரமாச்சு" என்றார். அம்மா வந்து போட்டாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஏற்கெனவே அறிந்திருந்தாரா, அந்த நிமிஷத்தில்தான் அறிந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கடலில் கிழிந்த பாயைத் தானே உட்கார்ந்து தைக்கிற மனுஷனுக்குத் துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தபோது எதுவும் தெரியாமலா இருந்திருக்கும் என்று தோன்றும். தெரியாமலும் இருந்திருக்கலாம். இரண்டு பேரும் இருந்த காலமெல்லாம் அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. அவர்களும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அப்பா சொன்னது பச்சைப்பொய். மூச்சு விடப்படாது என்று அம்மா மிரட்டியது யாருக்காக? தோணி கரையில் நிற்கும் நாட்களில் அவள் அண்ணாச்சி வீட்டுப் பக்கமே தலைகாட்டாதது யாருக்காக? ஒரு பொய்யைக் கழுவித் துடைக்க நான் முழங்காலில் நின்றேன். அப்பா அதன்மேலேயே இன்னொரு பொய்யைப் போட்டுவிட்டார், அதுவும் சேசுநாதர் படத்துக்கு நேரே, என் புதுநன்மை நாளில், சிரித்துக்கொண்டே! கோயில் வரைக்கும் எல்லோருக்கும் முன்னால் மெழுகுதிரியைப் பிடித்து நடந்தேன். பொய்க்காரர்கள் பெற்ற பிள்ளை என்று தெருவே என்னைப் பார்க்கிறதாக நினைத்துக் காது சுட்டது.

பூசையில் முதலில் பிள்ளைகள் நாங்கள் நன்மை வாங்கினோம். பிறகு பெரியவர்கள் எழுந்து வந்தார்கள். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன், வரக்கூடாது என்று வேண்டினேன். இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, பொய் வாயில் சூடாறவில்லை. ஆனால் அவர் வந்தார். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதியில் ஆண்கள் பக்கம் மண்டியிட்டு, கண்ணை மூடி, அந்தப் பொய்யைச் சொன்ன நாக்கை நீட்டினார். சாமியார் ஒன்றும் அறியாமல் அதன்மேல் நன்மையை வைத்துவிட்டுப் போனார்.

புதுநன்மை வாங்கிய பிள்ளை அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் சேசு தட்டமாட்டார் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். கேட்பதற்கு நான் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எங்கள் அப்பாவை நரகத்தில் போட்டுவிடாதேயும் ஆண்டவரே, அவர் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா கிராதியிலிருந்து எழுந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். முக்காட்டுக்குள் கண்ணும் மூக்கும் சிவந்து, தோள் குலுங்க அழுதுகொண்டு வந்தாள். கடைசியில் தன் பாவத்தை உணர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். இந்த வீட்டில் நான் ஒருத்தியாவது உபதேசத்தை ஒழுங்காகப் படித்தேனே என்ற நிம்மதியில் கைகளைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.